உலைக்குள் ஒரு சுவர் – 9: கோர்ட்டு குமாஸ்தாவும் சேலத்து வெள்ளைக்கல்லும்

களிமண்ணில் செய்த ஃபயர் பிரிக் 1,400 டிகிரி வரை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. களிமண்ணிலுள்ள அலுமினா, சிலிக்கா விவரமெல்லாம் நினைவிருக்கும். மேலே போவோம்.

மயிலாப்பூர் கிருஷ்ணாம்பேட்டை, தி.நகர் கண்ணம்மாபேட்டை எரிவாயு தகன மேடைகளின் உட்சுவரைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தகன அறையின் சூடு 800, 900 டிகிரி. அதற்குக் களிமண் பிரிக்கே போதும். எஃகு உலையின் 1,600 டிகிரிக்கு அது போதாது. இந்த இடத்தில்தான் வேறொரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

உலைகளுக்கு லைனிங் போட்டே காலம் கழித்த மந்தைவெளிப் பெரியவர் ஒருவர் இரண்டு கல்லை என் கையில் கொடுத்தார். இரண்டும் ஒன்பது அங்குலம். வெளிர்மஞ்சளாக இருந்தது நாலு கிலோ. கரும்பழுப்பாக இருந்த மற்றது கிட்டத்தட்ட ஆறு. “இது மேக்னசைட், தம்பி. கல்லை நெருப்பு தின்னாது, கசடுதான் தின்னும்” என்றார்.

இரும்பில் பாஸ்பரஸ் இருந்தால் எஃகு நொறுங்கும். அதைப் பிரித்துக் கசடாக ஒதுக்கச் சுண்ணாம்பு போட வேண்டும். சுண்ணாம்புக் கசடு காரம். இரும்பை எஃகாக்க ஹென்றி பெஸிமர் 1856-இல் கொண்டுவந்த உலையின் சிலிக்கா சுவரோ அமிலம். இரண்டும் சேர்ந்தால் சுவர் கரைந்து கசடோடு போய்விடும். ஐரோப்பாவில் பாஸ்பரஸ் மிகுந்த இரும்புத்தாது மலைமலையாகக் கிடந்தும் இதனால் அந்த உலைக்கு உதவாமல் இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் லண்டன் போலீஸ் கோர்ட்டு குமாஸ்தா, சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். பகலில் கோர்ட்டு வேலை, மாலையில் வேதியியல் வகுப்பு. வேல்ஸ் இரும்பாலை ஒன்றில் வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் சோதனைக்குக் கைகொடுத்தார். சுவரையே காரமாக்கிவிட்டால்? டாலமைட் கல்லைச் சுட்டு லைனிங் போட்டார்கள். 1878-இல் இரும்பு, எஃகுத் துறையினர் கூட்டத்தில் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. மறு வருஷம் மிடில்ஸ்பரோவில் பெரிய உலையிலேயே செய்து காட்டியதும் ஆலைக்காரர்கள் தேடி ஓடிவந்தார்கள். பாஸ்பரஸைக் குடித்த அந்தக் கசட்டை அரைத்தால் நல்ல உரம்; ஜெர்மன் விவசாயிகள் அதை வயலில் இறைத்தார்கள். தாமஸ் 34 வயதில், 1885-இல் இறந்துபோனார். இவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் பெஸிமருக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

டாலமைட்டைவிட உறுதியானது மேக்னசைட். அது நம் சேலத்தில் இருக்கிறது. ஓமலூர் போகும் வழியில் கரும்பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறதே வெள்ளைக்கல், அதுதான். சுட்டால் கரியமில வாயு வெளியேறி, நூறு கிலோ கல் 48 கிலோவாகிறது. அரைகுறையாகச் சுட்டால் ஈரத்தை இழுத்து உதிரும். 1,700 டிகிரியை ஒட்டிச் சுட்டு எடுத்ததுதான் உலைக்கு ஆகும். அதில் மிஞ்சுகிற மெக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரி வேண்டும். தமிழக அரசு இதற்கென 1979-இல் டான்மேக் நிறுவனத்தைத் தொடங்கியது. பொதுத்துறை நிறுவனமான பர்ன் ஸ்டாண்டர்டின் சேலம் உலைக்கல் ஆலை 2011-இல் எஃகு நிறுவனமான செயில் வசம் வந்தது.

இந்த உலைக்கல் வித்தையைப் படிக்கக் கிண்டி ஏ.சி.டெக் கல்லூரியில் செராமிக் டெக்னாலஜி என்று தனிப் படிப்பே இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் காதில் அந்தப் பெயரையும் போட்டுவையுங்கள். தகன மேடைச் சுவரும், கரண்டிக் கலவையே இல்லாததுபோல் கல்லோடு கல்லைத் தேய்த்து ஒட்டும் பெரியவரின் கைவேலையும் அடுத்த வாரம்.