ஒரு 'டைடு'... இரண்டு அர்த்தம்!

பி.காம். முடித்து, மதுரையில் ஓர் ஆபீஸில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரம். எங்கள் தலைமைக் கணக்காளர் ரிட்டையர் ஆனார். இங்கிலீஷில் வாழ்த்து மடல் தயாரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேனேஜர் போனில் ஒரு வரி சொன்னார். "'டைடு-இன்-தி-உல் அக்கவுன்டன்ட்'னு போடுப்பா, கம்பீரமா இருக்கும்!"

போட்டேன். டி-ஐ-இ-டி!

விழாவில் மடலைப் படித்த பெரியவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் கம்பளியிலேயே செத்துட்டேன்னு எழுதியிருக்கியே... வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு சர்ட்டிபிகேட் கொடுத்தாத்தானே பென்ஷன் வரும்?"

ஹாலே சிரித்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

'ஐ'க்குப் பதில் 'ஒய்' போட்டிருக்க வேண்டும் சார். சாயம்! நூல் நூற்பதற்கு முன்பே, வெறும் ரோமமாக இருக்கும்போதே சாயத்தில் முக்கிவிடுவது. இழைக்கு இழை ஏறிவிடுவதால் நிறம் லேசில் போகாது. இங்கிலாந்தில் 16-ம் நூற்றாண்டிலேயே இருந்த துணிக்காரர் பேச்சு இது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில், கட்சி மாறாத ஆசாமிகளுக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. நாம் 'அக்மார்க் கட்சிக்காரர்' என்கிறோமே, அதேதான். வேஷம் கலைந்தவரை 'சாயம் வெளுத்துப்போச்சு' என்கிற நமக்கு இது புரியாதா என்ன!

நம்ம ஊர்ச் சுங்குடி இதற்கு நேர் எதிர். மதுரை சௌராஷ்டிரர்களின் கைவண்ணம். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. நெய்து முடித்த துணியில் புள்ளி புள்ளியாக நூலால் முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் சாயத்தில் முக்குவார்கள். அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் சாயம் ஏறாத புள்ளி. நானும் சுங்குடி ரகம்தான். காலேஜில் காமர்ஸ் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். இங்கிலீஷ் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டது!

விழா முடிந்ததும், "வேற மடல் அடிச்சுத் தர்றேன் சார்" என்று கெஞ்சினேன்.

"எதுக்குப்பா வெட்டிச் செலவு?" என்றவர், பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். 'ஐ'யை அடித்து 'ஒய்' ஆக்கினார். பக்கத்திலேயே பொடியாக இனிஷியல் போட்டார்.

"திருத்தினா இனிஷியல் போடணும் தம்பி. மறந்துடாதே!"

டைடு-இன்-தி-உல்லுக்கு இதைவிட டிக்‌ஷனரி வேண்டுமா?