ஒருவருக்குப் பிடரியில் வெயில். இன்னொருவருக்கு மூஞ்சியில் வெயில்! சைக்கிளில் போகிறவர் என்ன உடுத்தலாம்?

ராஜபாளையம்,-

ஒரே ரோடு. ஒரே தூரம். ஒரே வெயில். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்கு வேலைக்கு வரும் சைக்கிள்காரருக்குப் பிடரி கறுக்கிறது. ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவருக்கு முகம் கறுக்கிறது!

இது என்ன வேடிக்கை என்கிறீர்களா? விவரம் வருமாறு:-

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்மேற்கே இருக்கிறது. இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. நிதானமாக மிதித்தால் முக்கால் மணி நேரம் ஆகும்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மில்லுக்குக் கிளம்புகிறவருக்கு சூரியன் முதுகுக்குப் பின்னால். சாயங்காலம் வீடு திரும்பும்போது சூரியன் மேற்கே போய்விடும். அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான்.

ராஜபாளையத்தில் குடியிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டு, ஆபீஸ், கடை என்று வேலைக்குப் போகிறவர் கதை நேர் எதிர். காலையிலும் மூஞ்சியில் வெயில்; மாலையிலும் மூஞ்சியில் வெயில்.

ஆக, இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்தினால் ஒருவருக்குக் கஷ்டம். முதல் ஆளுக்குக் காலர் வைத்த சட்டையும், பிடரியில் தொங்கும்படி ஒரு துண்டும் போதும். இரண்டாவது ஆளுக்கு முன்பக்கம் நீண்ட தொப்பி வேண்டும். தொப்பி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டே போகிறவருக்கு எதிரே வரும் லாரி பாதிதான் தெரியும்.

காத்தாடி சட்டை

ஆடி மாதம் வந்தால் வெயிலோடு மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மலையில் சாரல், கீழே புழுதி. ஸ்ரீவில்லிபுத்தூர்காரருக்கு காலையில் எதிர்க்காற்று. ராஜபாளையத்துக்காரருக்கு வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் எதிர்க்காற்று. பாவம், இதிலும் அவர் பாடுதான் திண்டாட்டம்!

எதிர்க்காற்றில் பித்தானைத் திறந்துவிட்டு, சட்டை காத்தாடி மாதிரி பறக்கப் போகிறவர்கள் உண்டு. கப்பலுக்குப் பாய் கட்டினது போல ஆள் பின்னுக்கு இழுபடுவார். சட்டையை உள்ளே விட்டு, பித்தானைப் போட்டாலே மிதிப்பது லேசாகும். செலவு ஒரு பைசா இல்லை.

நூல் ஊரில் நூல் கணக்கு

ராஜபாளையம் நூல் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி சேலை. இத்தனை துணிக்கு நடுவில் இருக்கிறவருக்கு துணி பார்த்து வாங்கச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் மில்லில் கவுண்ட் கணக்குப் பார்க்கிறவரே கடையில் கலரை மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்!

840 கஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் கவுண்ட். 40-ம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு.

மெல்லிய நூல் துணி சட்டைக்கு சுகம். பேண்டுக்கு ஆகாது. சைக்கிள் சீட்டில் தினமும் ஒன்றரை மணி நேரம் தேய்ந்தால் சில மாதத்தில் பின்பக்கம் கண்ணாடி ஆகிவிடும். பேண்டுக்குக் கெட்டி நூலில் நெய்த டிரில் துணிதான் உழைக்கும்.

"அண்ணாச்சி, கசங்காத துணியா எடுத்துப் போடுங்க" என்று கேட்கிறவர்களுக்குக் கிடைப்பது பாலியெஸ்டர். அந்தக் காலத்து டெரிலின்தான் இது. 1941-ல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தது. அது ஈரத்தைக் குடிக்காது. சாதாரண காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இருக்காது.

சித்திரை, வைகாசி வெயிலில் பருத்திதான் ராஜா. வியர்வையைக் குடித்து, காற்று பட்டதும் உடம்பைக் குளிர வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே பருத்தி எதிரி. நனைந்தால் கனக்கும், உலரவே உலராது. அப்போது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி நல்லது. வருடம் முழுக்க ஒரே துணி என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

சொல்லக் கூசுகிற இடம்

சைக்கிள்காரரின் பெரிய உபத்திரவம் கவட்டுப் புண். இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. பவுடரைப் போட்டுக்கொண்டு சமாளிக்கிறார்கள்.

காரணம் துணி அல்ல, தையல். பேண்டின் கவட்டில் நாலு தையல் ஒரே இடத்தில் கூடுகிறது. சரியாக அந்த இடத்தில்தான் சீட்டு. டெய்லரிடம் அந்த இடத்தில் டைமண்ட் வடிவில் ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தையல் பக்கவாட்டில் விலகிவிடும். ரெட்டைத் தையல், பாலியெஸ்டர் நூலில். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும்.

உள்ளே போடுவது கனமான ஓரம் இல்லாததாக இருக்கட்டும். தொளதொள பட்டாப்பட்டி டிராயர் சுருண்டு மடிந்து உறுத்தும். பந்தயக்காரர்கள் போடும் பஞ்சு வைத்த கால்சட்டையில் முன்காலத்தில் மெல்லிய தோல் வைத்துத் தைத்தார்கள்; இப்போது செயற்கை மெத்தை. முக்கால் மணி நேர சவாரிக்கு அது அவசியம் இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

மில்லில் இருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரப்பதம் குறையாமல் வைத்திருப்பார்கள். பனியன் தொப்பலாக நனைந்திருக்கும். அதோடு ராத்திரி காற்றில் 12 கிலோ மீட்டர் வந்தால் உடம்பு வெடவெடக்காமல் என்ன செய்யும்? சாப்பாட்டுப் பையில் ஒரு காய்ந்த பனியன் இருக்கட்டும்.

செயினில் சிக்கினால்...

செயின் இருப்பது வலது பக்கம். பெல்பாட்டம் காலத்தில் வலது கால் பேண்டில் கிரீஸ் கறை இல்லாத வாலிபர் உண்டா? கறையோடு போனால் பரவாயில்லை. துணி பல்சக்கரத்தில் இறுகினால் ஓடுகிற வண்டி அப்படியே நின்று ஆளைக் கவிழ்த்துவிடும். பின்னால் பஸ் வந்தால் கதை முடிந்தது. வலது காலுக்கு ஒரு கிளிப், இல்லாவிட்டால் ஒரு ரப்பர் பேண்டு. வேட்டிக்காரர் மடித்துக் கட்டினால் மட்டும் போதாது. நுனியை இடுப்பில் செருக வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளைத்தான் பார்க்கப் பயமாக இருக்கிறது. துப்பட்டா பின்சக்கரத்துக்கு மேல் ஊசலாடுகிறது. அமெரிக்க நாட்டியக்காரி இசடோரா டங்கன் 1927-ல் பிரான்சில் நீஸ் நகரில் எப்படிச் செத்தார் தெரியுமா? கழுத்தில் சுற்றிய நீளமான துணி கார் சக்கரத்தில் சிக்கி இறுக்கியது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள், அம்மாமார்களே.

சேலையில் ஓட்ட முடியாதா என்றால், முடியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள், சேலையோடு! முந்தானையைச் செருகிக்கொண்டு, பின்சக்கரத்துக்கு வலை போட்டால் ஆபத்து இல்லை.

மழைக்கோட்டும் மாலைப் பேப்பரும்

ரப்பர் பூசிய மழைத்துணிக்கு 1823-ல் கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் மெக்கின்டாஷ் உரிமை வாங்கினார். இருநூறு வருடம் ஆகியும் அந்தக் கோட்டின் குணம் போகவில்லை. மழை உள்ளே வராது. வியர்வை வெளியே போகாது. ஏறி மிதித்தால் கோட்டுக்குள்ளேயே இன்னொரு மழை!

கழுத்து வழியாக மாட்டும் போர்வை மாதிரிக் கோட்டில் காற்றோட்டம் உண்டு. ஆனால் பெரிய வண்டிகள் உரசிப் போகும் நெடுஞ்சாலையில் அது காற்றில் தூக்கும். ஊருக்குள் போர்வைக் கோட்டு, மெயின்ரோட்டில் அக்குளில் துவாரம் வைத்த கோட்டு. குடை பிடித்து ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு கை குடையில் என்றால் ஒரு பிரேக் போச்சு. இன்னொன்று, சைக்கிள்காரர் பாதி நனைவது கீழே இருந்துதான். மட்கார்டில் ஒரு ரப்பர் பட்டை தொங்கவிட்டால் பேண்டு பிழைக்கும்.

மார்கழியில் ஆண்டாள் கோவிலுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள் காதை மூடிக் குரங்குக் குல்லா போடுகிறார்கள். காதோடு ஹார்ன் சத்தமும் மூடிப்போகிறது. குளிர் தாக்குவது நெஞ்சில். ஐரோப்பாவில் சைக்கிள் பந்தய வீரர்கள் மலை இறங்கும் முன் செய்தித்தாளை மடித்து சட்டைக்குள் செருகிக்கொள்வது பழைய வழக்கம். காற்றைத் தடுக்க அவ்வளவு போதும். இந்தப் பேப்பரையும் படித்து முடித்ததும் பத்திரமாக வையுங்கள்!

ராத்திரி ரோட்டில்

கடைசியில் சொன்னாலும் இதுதான் உயிர் சமாசாரம். மேற்கே மலை இருப்பதால் இந்தப் பக்கம் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கோ கும்மிருட்டு. 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். டிரைவர் கண்ணில் நீங்கள் ஒரு விநாடி முன்னால் பட்டால் அந்தப் 16 மீட்டர் உங்களுக்கு லாபம்.

காக்கியும் நீலமும் கறுப்பும் இருட்டோடு இருட்டாகிவிடும். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்று வீட்டில் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். பச்சை மஞ்சளாய்க் கண்ணைப் பறிக்கும் பனியனை நம்ப வேண்டாம். அது பகல் வெளிச்சத்தில்தான் பளிச்சிடும். ராத்திரிக்கு வேண்டியது ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை. லாரிகளின் பின்னால் ஒட்டியிருக்கிறதே, அதுதான். முதுகில் ஒட்டுவதை விடக் கணுக்காலில் கட்டுவது மேல். மேலும் கீழுமாக ஆடும் வெளிச்சத்தைப் பார்த்ததும், மிதிக்கிற ஆள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். பேண்ட் கிளிப்பிலேயே அதை ஒட்டிவிட்டால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

துணி எடுக்கும்போது கடைக் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று பார்க்காதீர்கள். நின்றால் எல்லாப் பேண்டும் சரியாகத்தான் இருக்கும். வலது முழங்காலை இடுப்பு வரை தூக்குங்கள். தொடையில் பிடித்தால் வேறு எடுங்கள். ஹேண்ட்பாரைப் பிடிப்பது போல முன்னால் குனியுங்கள். பின்னால் முதுகு தெரிந்தால் சட்டை நீளம் பத்தாது. கடைக்கார அண்ணாச்சி சிரித்தால் சிரிக்கட்டும். 12 கிலோ மீட்டர் மிதிக்கப்போவது அவர் இல்லையே!