நஷ்டம் யார் தலையில்?

தமிழ் சினிமா மாறிய கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கருவிகளின் கதையையே சொல்கிறார்கள். ஊமைப்படம் பேசியது, கறுப்பு வெள்ளை வண்ணமானது, ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. இதைவிடப் பெரிய மாற்றம் கணக்குப் புத்தகத்தில் நடந்தது. படம் ஓடாவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதே மாறிவிட்டது.

டி.ஆர்.சுந்தரம் 1930களில் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, எடிட்டிங், லேப் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. வசனகர்த்தா முதல் தச்சர் வரை பலருக்கும் மாதச் சம்பளம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) உட்பட நூறு படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம் அது. ஒரு படம் கவிழ்ந்தால் அடுத்த படத்தின் லாபம் அதை ஈடுகட்டும்; தச்சரின் வீட்டில் அடுப்பு அணையாது. ஜெமினி ஸ்டுடியோவில் எஸ்.எஸ்.வாசன் கதைக்கென்றே தனி இலாகா வைத்திருந்தார். அவர் எடுத்த ‘சந்திரலேகா’வின் (1948) முரசு நடனத்தை இன்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. வரிசை வரிசையான ராட்சத முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து எடுத்த காட்சி அது. கால்ஷீட்டுக்கு நாள் எண்ணும் ஏற்பாட்டில் அப்படியொன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது.

பிறகு நட்சத்திரங்களின் கை ஓங்கியது. ஸ்டுடியோக்கள் படம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு தளங்களை வாடகைக்கு விட்டன. வட்டிக்குப் பணம் வாங்கி ஒரே ஒரு படம் எடுக்கும் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். மாதச் சம்பளக்காரர் தினக்கூலி ஆனார். ஜெமினியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அசோகமித்திரன், ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் ஒரு படக்கம்பெனி நொடித்துப்போவதை எழுதியிருக்கிறார். படம் நின்றால் முதலில் நசுங்குவது யார் என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொன்ன தமிழ் எழுத்து எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்டுடியோ காலத்தை இப்படிப் போற்றலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே முதலாளி வைத்ததே சட்டம். கதையும் அவர் விருப்பப்படிதான். செட்டை விட்டு வெளியே வந்திருக்காவிட்டால் ‘16 வயதினிலே’ (1977) கிடைத்திருக்காது. அந்தப் படத்தின் மண்ணும் வெயிலும் தளத்துக்குள் போட்ட கிராமத்தில் வந்திருக்காது. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயக்குநருக்குக் கிடைத்த சுதந்திரமும் தொழிலாளி இழந்த பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று விலையாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவை ஒரே காலத்தில் நடந்தன, அவ்வளவுதான்.

டிஜிட்டல் வந்தபின் நஷ்டத்தின் நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது. ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இன்று பெரிய படம் நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் இறங்குகிறது. வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. வாய்மொழியாகப் பேசப்பட்டு மெல்லச் சூடுபிடிக்க வேண்டிய சின்னப் படத்துக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. ஓடிடி வந்து காப்பாற்றவில்லையா என்பார்கள். 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடியில் வெளியானபோது, கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக்கிடந்தன. அன்று அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த நிறுவனங்களும் பெரிய நட்சத்திரத்துக்குத்தான் பெரிய விலை கொடுக்கின்றன. அந்த விலையை நம்பி நடிகரின் சம்பளம் ஏறுகிறது; ஏறிய சம்பளத்துக்காகத் தயாரிப்பாளரின் கடனும் ஏறுகிறது.

ஸ்டுடியோக்கள் திரும்ப வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் வழியை மட்டும் மீட்டாக வேண்டும். முன்னணி நடிகர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டும் முன்னதாக வாங்கிக்கொண்டு, மீதியை வசூலில் பங்காக எடுத்துக்கொள்ளட்டும். லைட்மேனின் கூலி பாக்கியில்லாமல் தீர்ந்த பிறகே படம் வெளியாகட்டும்.