வாங்கிய படம் யாருடையது?

2023 செப்டம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசி டிவிடிகளை அஞ்சலில் அனுப்பியது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தச் சேவையில், சிவப்பு உறைகளில் வீடு போய்ச் சேர்ந்த தகடுகள் 500 கோடிக்கும் மேல். அதே நிறுவனம் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியது 2007இல். பதினாறே ஆண்டுகளில் ஸ்ட்ரீமிங் தகட்டை ஓரங்கட்டிவிட்டது. இந்த மாற்றத்தில் நாம் பெற்றது வசதி. இழந்தது என்ன?

முதலில் தரத்தைப் பார்ப்போம். தகட்டில் தகவல் நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கிறது. அவற்றை லேசர் ஒளி படிக்கிறது. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, ப்ளூ-ரேவுக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறுக்கிறது; குழிகளையும் நெருக்கமாகப் பதிக்க முடிகிறது. அதனால்தான் டிவிடியின் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி அடங்க, ப்ளூ-ரேவின் ஒரு அடுக்கில் 25 ஜிபி அடங்குகிறது. 4கே தகடு 100 ஜிபி வரை கொள்ளும். நொடிக்கு 128 மெகாபிட் வரை தகவலைத் தரும்.

4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமோ நொடிக்கு 15 மெகாபிட்தான். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழிப்பது ஆகிய உத்திகளால் படம் சுருக்கப்படுகிறது. தகட்டிலும் இதே சுருக்கம் உண்டு. ஆனால் அங்கே இவ்வளவு கடுமை தேவையில்லை. இருண்ட காட்சிகளில் வானம் பட்டை பட்டையாகத் தெரிவது கடும் சுருக்கத்தின் விளைவு. புதிய சுருக்க முறைகள் வர வர இந்த இடைவெளி குறையும்.

உரிமை விஷயத்தில் உள்ள இடைவெளி அப்படிக் குறையாது. ஸ்ட்ரீமிங்கில் படத்தின் கோப்பு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸில் வெளியான ‘வில்லோ’ தொடர், 2023 மே மாதம் அதே தளத்திலிருந்து நீக்கப்பட்டது. இணையக் கடைகளில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்திப் பெறும் படங்களும் பெரும்பாலும் உரிமம்தான். இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது 2025இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம்.

படைப்பு ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடர் சான்று. 1960களின் பல எபிசோடுகளை பிபிசி அழித்துவிட்டு, வீடியோ நாடாக்களை வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. அவற்றில் பல பின்னர் மீண்டது, வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு விற்கப்பட்ட ஃபிலிம் பிரதிகளால்தான். காணாமல் போயிருந்த ஒன்பது எபிசோடுகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் வீட்டில் ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்திருந்ததால், காட்சி தொலைந்த எபிசோடுகளுக்கும் ஒலி மிஞ்சியது. ஆக, படைப்பைக் காப்பாற்றுவது பொருளின் உறுதி அல்ல; பலர் கையில் பிரதிகள் பரவிக் கிடப்பது.

தகடும் அழியக்கூடியதே. மேற்பூச்சு பழுதானால் உள்ளிருக்கும் அலுமினிய அடுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து, தகவல் படிக்க முடியாமல் போகும். ப்ளேயர்களும் அரிதாகி வருகின்றன. ஆனாலும் பொருளாகக் கையில் வைத்திருக்கும் ஆசை மங்கவில்லை. 2022இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் இசைத்தட்டுகள் விற்றன, சிடிக்கள் 3.3 கோடிதான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல் முறை.

ஸ்ட்ரீமிங் தொடரட்டும், அன்றாடப் பார்வைக்கு அது போதும். மறுபடி மறுபடி பார்க்க விரும்பும் படத்தைத் தகடாக வாங்கி, வெயில் படாமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அளிக்க வேண்டும் என்று 1954 முதல் சட்டம் உள்ளது. ஸ்ட்ரீமிங்குக்காகவே எடுக்கப்படும் படங்களும் தொடர்களும் அதேபோல் ஒரு பொது ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர, தனிச் சட்டம் இயற்ற வேண்டும்.