ஊர் கூடி இழுக்கும் தேர்: தொழிற்பயிற்சியை உருவாக்குவது யார்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால், மாதம் ஒருமுறையாவது "இந்த வாரம் டிரெயினிங்" என்கிறார்கள். சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். சிலர் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பயிற்சியை உருவாக்கியது யார் என்று கேட்டால், முன்னால் நின்று பேசியவரைத்தான் கைகாட்டுவார்கள். தேரில் எல்லோர் கண்ணுக்கும் படுவது சுவாமி மட்டுந்தான். வடம் பிடிப்பவர்களும், சக்கரத்துக்குக் கட்டை போடுபவரும் இல்லாமல் தேர் தெருத் திரும்புமா?

ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த ஒரு வேலையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

இரண்டு தண்டவாளங்களை ஒன்றாக இணைக்கும் தெர்மிட் வெல்டிங்கை வாசகர்களில் சிலர் ரயில் பாதை ஓரத்தில் பார்த்திருக்கலாம். இரு முனைகளுக்கும் நடுவே சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் அச்சுப் பொருத்தி, விளிம்புகளை மணல் கலவையால் பூசி அடைத்து, முனைகளைச் சூடேற்றுவார்கள். பிறகு மூசையில் இருக்கும் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவையைப் பற்றவைப்பார்கள். 2000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கும். பார்ப்பதற்குத் தீபாவளி மத்தாப்பு போல இருக்கும். ஆனால் கலவையில் ஈரம் இருந்தாலும், முனையைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டாலும், போதுமான சூடு ஏறாவிட்டாலும், வெளியே தெரியாத குறை உள்ளே தங்கிவிடும். வட இந்தியாவில் மார்கழி, தை மாத இரவுகளில் குளிரால் தண்டவாளம் சுருங்கி இழுபடும்போது அந்தக் குறை விரிசலாக வெளிப்படும். அதன் மேல்தான் நம்மவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வண்டியும் ஓடுகிறது.

அப்படியானால், இந்த வேலைக்குப் புதிதாக வரும் ஓர் இளைஞனுக்குப் பயிற்சித் திட்டம் தயாரிக்க எத்தனை பேர் வேண்டும்?

முதலாவது, தேவையை அளந்து பார்க்கும் அதிகாரி. இணைப்புகள் அடிக்கடி பழுதாகின்றன என்றால் உடனே "பயிற்சி போடு" என்று உத்தரவிடுவது சுலபம். ஆனால் வேலையாளுக்குத் தொழில் தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் செய்ய முடியவில்லையா என்று அவர் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டிகளை நிறுத்தி வேலைக்குக் கொடுக்கும் நேரம் போதாமல் அவசரமாக முடிக்கிறார்கள் என்றால், அதற்கு மருந்து பயிற்சி அல்ல. நேரத்தைக் கூட்டித் தருவதுதான் மருந்து.

இரண்டாவது, தொழில் கைவந்த பழைய ஆள். இவரை விட்டுவிட்டு எழுதப்படும் பாடம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனால் இவரிடமும் ஒரு சிக்கல் உண்டு. இருபது வருடம் செய்த வேலையைச் சொல்லச் சொன்னால் நாலே வரியில் முடித்துவிடுவார். "சூடு பதமா வந்ததும் பத்தவைக்கணும், அவ்வளவுதான் சார்" என்பார். பதம் என்றால் என்ன? எந்த நிறம், எவ்வளவு நேரம்? அவருடைய கண்ணுக்குத் தெரியும். வாய்க்கு வராது.

அதனால்தான் மூன்றாவது ஆள் தேவைப்படுகிறார். அவர் பாடத்தை வடிவமைப்பவர். வெல்டிங் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆளின் பக்கத்தில் நின்று, அவர் கை போகும் வழியைப் பார்த்து, "இப்போது ஏன் ஒரு நிமிடம் நின்றீர்கள்?" என்று கேட்க வேண்டும். வேலையைப் படிகளாகப் பிரிப்பதும், எந்தப் படியில் தவறினால் ஆபத்து என்று குறிப்பதும், எதைச் சொல்லாமல் விடலாம் என்று முடிவு செய்வதும் இவர் பொறுப்பு.

நான்காவது, எழுதுபவரும் படம் வரைபவரும். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதன் அருமை நன்றாகப் புரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு ஒரு பயிற்சிக் கையேடு வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அகராதி இந்தி. கேங்கில் இருந்தவர்கள் பேசியதோ போஜ்புரியும், ரயில்வேக்கென்றே உள்ள கலப்புச் சொற்களும். கையேடு அலமாரியிலேயே தூங்கியது. கடைசியில் அந்த வேலையைப் புரியவைத்தவை, ஒருவர் சாக்பீஸால் தகரத்தில் வரைந்த ஆறு படங்கள்தாம்.

ஐந்தாவது, கற்பிக்கும் ஆசான். ஆறாவது, ஏற்பாடுகளைக் கவனிப்பவர். பயிற்சிக்கு வரும் ஆளுக்குப் பதில் ஆள் போடுவது, தங்குமிடம், பயணப்படி, பழகிப் பார்க்கத் துண்டுத் தண்டவாளம் என்று எல்லாம் இவர் தலையில். இவர் சரியில்லாவிட்டால், வகுப்பில் உட்கார்ந்திருப்பவனின் மனம் ஊரில் இருக்கும்.

ஏழாவது, சோதிப்பவர். கற்பித்தவரே மதிப்பெண் போடக்கூடாது. வெல்டிங் முடிந்த இணைப்பை மீயொலிக் கருவியால் சோதிப்பது இதற்காகத்தான். ஒவ்வோர் இணைப்பிலும் மாதம், வருடம், வெல்டரின் குறியீடு, இணைப்பு எண் ஆகியவற்றைப் பொறித்து வைக்கும் முறையும் உண்டு. பிற்பாடு ஓர் இணைப்பு பழுதானால் அதை யார், எப்போது செய்தார் என்று தேடிப் போகலாம். பயிற்சியில் எங்கே ஓட்டை என்றும் தெரிந்துவிடும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் அதைக் கடைப்பிடித்தாரா, அதனால் பலன் விளைந்ததா. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் முதல் நிலையோடு, அதாவது கடைசி நாள் கொடுக்கும் கருத்துப் படிவத்தோடு, கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

இப்படிப் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு பெரிய அளவில் செய்துகாட்டிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-இல் அமெரிக்க அரசு தொழிற்சாலைப் பயிற்சிக்கென ஒரு சேவையைத் தொடங்கியது. சானிங் டூலி, வால்டர் டீட்ஸ் போன்ற, தொழிற்சாலைகளிலேயே பழுத்த அனுபவம் பெற்றவர்கள் அதை நடத்தினார்கள். வேலையைக் கற்றுக்கொடுக்கும் முறையை நான்கு படிகளாக்கினார்கள்: கற்பவரைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, செய்ய விட்டுப் பார்ப்பது, பின்னாலும் கவனிப்பது. இந்த நான்கு படிகளுக்கு மூலம் சார்லஸ் ஆலன் என்பவர் 1919-இல் வெளியிட்ட நூல். பத்துப் பேர் கொண்ட குழு, இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், அவ்வளவே. 1945-இல் அச்சேவை முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அதில் தேறினார்கள். போருக்குப் பின் ஜப்பானியர் அதை எடுத்துக்கொண்டார்கள். டொயோட்டா போன்ற நிறுவனங்களில் அதன் தடம் இன்றும் உண்டு. கற்பவனுக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்பதே அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. பழியை மாணவன் மேல் போட அவர்கள் இடம் வைக்கவில்லை.

இன்று செல்போனில் வீடியோ பாடம் வந்துவிட்டது. மத்திய அரசு 2020-இல் ஒப்புதல் அளித்த கர்மயோகித் திட்டத்தின் கீழ் அரசு ஊழியர்களுக்கு இணைய வழிப் பாடங்களும் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கருவி மாறினாலும் ஆட்கள் மாறவில்லை. கேமரா பிடிப்பவர் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறார், அவ்வளவே. பழைய ஆளைக் கேட்காமல் எடுத்த வீடியோ, ஓடுகிற ஏட்டுச் சுரைக்காய்.

எனக்குள்ள கவலை ஒன்றுதான். ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் மாலையும் சால்வையும் போட்டுப் பலரை வீட்டுக்கு அனுப்புகிறோம். அவர்கள் கையில் இருந்த பதம் எங்கும் எழுதப்படாமல் அவர்களோடு போய்விடுகிறது. பின்னால் வருபவன் அதையே மறுபடியும் அடிபட்டுக் கற்கிறான். சில வேலைகளில் அந்த அடி உயிரைப் பறிக்கும்.

ஆகவே, உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அலுவலகத்தில் பயிற்சி தயாரிக்கும் பொறுப்பு வந்தால், கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன்னால், அந்த வேலையைச் செய்கிற மூத்தவரிடம் இரண்டு நாள் போய் நிற்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற ஒரு வருடமே பாக்கியுள்ள அன்பர்கள் யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஓர் இளைஞனை அழைத்து, நீங்கள் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.