துருப்பிடித்த ஆணிக்கு வந்த வாழ்வு

"ஆணி கிடைக்குமா தம்பி? நல்லா துருப்பிடிச்சதா இருக்கணும்" என்று போனில் கேட்டார் அக்கா.

கும்மிடிப்பூண்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! சிப்காட்டில் கம்பி ஆலைகள், ஜிஎன்டி சாலையில் லாரி லாரியாய்ப் பழைய இரும்பு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தடவினாலே உள்ளங்கை சிவந்துவிடும். காயலான் கடையில் ஒரு கைப்பிடி ஆணி கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். படம் வரைய என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காசு வாங்காமலே கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். காளஹஸ்தியில் கலம்காரித் துணி ஓவியம் வரையும் அந்த அக்கா வீட்டில் ஒருநாள் வகுப்பு. எனக்குத் தெரிந்த வர்ணமெல்லாம் பள்ளிக்கூடத்து கேமல் டப்பாவோடு முடிந்துபோனது. இங்கேயோ கறுப்பு மையை நாமே ஊறப்போட வேண்டுமாம். துரு ஆணி, பனைவெல்லம், தண்ணீர், ஒரு ஜாடி. மூன்று வாரம் சும்மா விட வேண்டும். அதற்குப் பெயர் கசிமி. இரண்டாவது வாரமே நுரைத்துப் புளித்து, சமையலறையில் ஒரு வாடை. "ஊறுகாய் ஜாடியை இனி நான் தொட மாட்டேன்" என்று அம்மா எழுதிக் கொடுக்காத குறை.

மூன்று வாரம் கழித்து அதை வடிகட்டி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, தடா போய் அங்கிருந்து காளஹஸ்திக்கு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "ராகு கேது பரிகாரமா?" என்றார். இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறார். அதே நேரம் பைக்குள் 'டப்'. புளித்த சரக்கை இறுக்கி மூடினால் மூடி சும்மா இருக்குமா? காலையில் டீ சிந்தித் துடைத்த துண்டு ஒன்று பையில் இருந்தது. சிந்திய தண்ணீரோ சாம்பல் நிறம். துண்டில் டீக்கறை பட்டிருந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. பெரியவர் அதைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ராகுவேதான் என்று முடிவு செய்திருப்பார்.

வகுப்பு நடப்பது முன்திண்ணையில். ஆனால் சங்கதியெல்லாம் கொல்லைப்புறத்தில். "உள்ளே போய்ப் பார்க்கலாமா அக்கா?" என்றதும் சிரித்துக்கொண்டே திரைச்சீலையை விலக்கினார். அட, ஓவியக்கூடமா இது, கல்யாண வீட்டு அடுப்படியா? ஒரு அண்டாவில் அரைத்த கடுக்காயும் எருமைப்பாலும். அதில் காடாத்துணியை முக்கிப் பிழிந்து கொடியில் போட்டிருக்கிறார்கள். இளமஞ்சளாய்க் காயும் துணியை மோந்து பார்த்தேன், பச்சைப்பால் வாசனை. மதில்மேல் உட்கார்ந்திருந்த பூனைக்கும் அதே யோசனைதான்போல. பசும்பால் கூடாதா என்றேன். கொழுப்பு போதாதாம். பால் கொழுப்புதான் மையைத் துணியில் பரவவிடாமல் பிடித்து வைக்கிறது.

அந்தப் பக்கம் ஒரு சட்டியில் படிகாரத் தண்ணீர். சிவப்பு வேண்டிய இடத்தில் இதைத்தான் தடவ வேண்டும். தடவினால் ஒன்றுமே தெரியாது! பிறகு அலசி, மஞ்சிட்டி வேர் கொதிக்கும் தண்ணீரில் துணியைப் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். அதாவது ஓவியர் மணிக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத படம் வரைகிறார். எனக்கு அங்கேயே கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டியும்விட்டேன், பூனை ஓடிவிட்டது.

இப்போது கலம். கையடக்கமான மூங்கில் குச்சி, முனை கூராய்ச் சீவியிருக்கிறது. கொஞ்சம் மேலே கம்பளியைப் பந்தாகச் சுருட்டி நூலால் வரிந்து கட்டியிருக்கிறார்கள். அந்தப் பந்துதான் மைக்கூடு. மையில் தோய்த்து, கட்டைவிரலால் மெல்ல அமுக்கினால் குச்சி வழியே இறங்கி வரும். மெல்ல என்பதுதான் சிக்கல். முதல் அமுக்கிலேயே என் துணியில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பொட்டு. சாம்பல் நிறத்தில் விழுந்தது, பார்க்கப் பார்க்க இருண்டு, மூச்சுவிடுவதற்குள் கறுத்துவிட்டது.

"ஆணியில இருக்கிற இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்துட்டா போச்சு தம்பி. அழிக்கிற வேலையே கிடையாது."

துண்டைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "டீயிலயும் துவர்ப்பு இருக்கே! பஸ்ஸுலயே வகுப்பை ஆரம்பிச்சிட்டீங்க."

புளியங்குச்சிக் கரியால் நான் போட்டு வைத்திருந்தது மயில். பொட்டைக் கண்ணாக்கி, கழுத்தைச் சுருக்கி, கடைசியில் அது கோழியானது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, கை தூக்காமல் ஒரே இழுப்பில் ஒரு தோகையை வரைந்து காட்டினார். அந்தக் கோடு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே தடிமன். கம்பளிப் பந்தை அவர் விரல் அமுக்கியதாகவே தெரியவில்லை.

மங்கிப்போயிருந்த இந்தத் தொழிலுக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது. இங்கே வரைந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்ததே பெரும்பாலும் இந்தக் கரையின் துணிக்காகத்தான். சாயமேற்றிய துணியைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றிப்போய்க் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அந்தக் கரையில் பிறந்துவிட்டு நான் இத்தனை வயதில் கோழி வரைகிறேன்.

சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கறுப்பு. இரண்டு சோப்பு போட்டும் நகக்கண் மசியவில்லை. கும்மிடிப்பூண்டி வந்து இறங்கி, ஸ்டேஷன் பக்கம் டீ குடித்தேன். பாட்டிலில் ஒரு வாய் கசிமி மிச்சம் இருந்தது. கை சும்மா இருக்குமா? கிளாஸின் அடியில் கிடந்த டீயில் இரண்டு சொட்டு விட்டேன். பழுப்பு மாயமாகி, கிளாஸுக்குள் அமாவாசை.

டீ மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். கிளாஸையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீக்கு பன்னண்டு ரூபா. கிளாஸுக்கும் சேர்த்துக் கொடுத்துட்டு, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க சார்."