எங்கிருந்து அளந்த உயரம்?

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். வெள்ளைக் கோடு இழுத்தபடி ஒரு விமானம் போகிறது. அது எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? விமானத்துறையில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. மூன்றும் வேறு வேறு எண்கள், மூன்றும் சரியானவை.

கடல்மட்டத்திலிருந்து அளந்தால் ‘ஆல்டிட்யூட்’. நேர்கீழே உள்ள தரையிலிருந்து அளந்தால் ‘ஹைட்’. கொல்லிமலையின் மேட்டுநிலமே 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய 4,000 அடி. ஆகவே மலைக்கு மேல் இந்த இரண்டுக்கும் 4,000 அடி வித்தியாசம். மூன்றாவது ‘ஃப்ளைட் லெவல்’, அதாவது பறப்பு மட்டம். மூன்றிலும் வியப்பானது இதுதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள, விமானம் உயரத்தை எப்படி அறிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விமானத்தின் உயரமானி (ஆல்டிமீட்டர்) உண்மையில் உயரத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது காற்றழுத்தத்தை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும்போது, பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். உயரமானிக்குள்ளும் காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இப்படித்தான் விரிகிறது. மயிரிழை அளவு விரிவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளை நகர்த்துகின்றன. நவீன விமானங்களில் இந்த வேலையை மின்னணு உணரிகள் செய்கின்றன. அளவிடுவது மட்டும் அதே அழுத்தத்தைத்தான்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காற்றழுத்தம் உயரத்தால் மட்டுமா மாறுகிறது? வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானாலே மாறிவிடுமே! தரைக்கு அருகில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) மாறினால் ஏறக்குறைய 30 அடி பிசகும். அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்த இடத்துக்குள் விமானம் நுழைந்தால், கருவி 300 அடி கூடுதலாகக் காட்டும். விமானி நினைப்பதைவிட விமானம் தாழ்வாக இருக்கும். மலைப்பகுதியில் இது உயிர்ப் பிரச்சினை.

தீர்வு, உயரமானியின் முகப்பில், அழுத்த எண்ணை அமைக்க இருக்கும் ஒரு சின்னச் சாளரம். பால் கோல்ஸ்மன் 1928-இல் உருவாக்கிய நுண்ணிய உயரமானியின் நினைவாக, இன்றும் அதற்குக் கோல்ஸ்மன் சாளரம் என்றே பெயர். மறு ஆண்டே விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து இறங்கிக் காட்டினார். அந்த விமானத்தில் கோல்ஸ்மனின் உயரமானியும் இருந்தது. இறங்கப்போகும் விமானிக்குக் கட்டுப்பாட்டு அறை ஓர் அழுத்த எண் சொல்லும். அதற்குப் பெயர் ‘கியூ-என்-எச்’, தந்திக் காலத்துச் சங்கேத எழுத்துகள். அதைச் சாளரத்தில் வைத்தால், கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று முள் சொல்லும். சேலம் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தில் அது சுமார் 1,000 அடி காட்டும். சேலம் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து அவ்வளவு உயரம்.

நெடுந்தூரம் போகும் விமானம் ஊருக்கு ஊர் எண்ணை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மேலே ஏறியதும் உலகெங்கும் விமானிகள் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே எண்ணுக்கு மாறுகிறார்கள். அப்போது காட்டும் 35,000 அடிதான் ‘ஃப்ளைட் லெவல் 350’. கீழே உண்மையான அழுத்தம் என்னவோ, அது அவர்களுக்கு அங்கே தேவையில்லை. நம் வெப்பமண்டல வானத்தில் காற்று சூடாகி விரிந்திருப்பதால், அந்த விமானத்தின் உண்மை உயரம் ஆயிரம் அடிக்கும் மேல் கூடுதலாகக்கூட இருக்கும். ஆக, விமானிகள் தெரிந்தே தவறான எண்ணில் பறக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே அளவு தவறுவதால் விமானங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கெடுவதில்லை. விமான உலகின் மிக அழகான ஏற்பாடு என்று நான் நினைப்பது இதையே. ஆளுக்கொரு விதத்தில் திருத்திக்கொள்வதைவிட, எல்லோரும் ஒரே பிழையில் ஒத்துப்போவது பாதுகாப்பு.

இந்தியாவில் கிழக்கு நோக்கிப் போகும் விமானங்களுக்கு 33,000, 35,000, 37,000 என ஒற்றைப்படை மட்டங்கள்; மேற்கு நோக்கிப் போவனவற்றுக்கு 34,000, 36,000 என இரட்டைப்படை. நடுவில் 1,000 அடி, அதாவது 300 மீட்டர்தான். 2003-க்கு முன் 29,000 அடிக்கு மேலே 2,000 அடி விட வேண்டியிருந்தது. கருவிகள் துல்லியமானதால் அதே வானத்தில் கூடுதல் தடங்கள் கிடைத்தன.

தரை நெருங்கும்போது ‘ஹைட்’ முன்னுக்கு வருகிறது. சுமார் 2,500 அடிக்குக் கீழே, ரேடியோ உயரமானி தரையை நோக்கி அலை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். எதிரே செங்குத்தாக மலை நின்றால் இது போதாது. கீழே மட்டும் பார்க்கும் கருவிக்கு முன்னால் இருப்பது தெரியாது. அந்தக் குறையை நீக்கியவர் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன். அவர் குழுவின் தரை எச்சரிக்கைக் கருவி, உலகின் மேடுபள்ளங்களை நினைவில் வைத்துக்கொண்டு, விமானம் போகும் பாதையில் மலை குறுக்கிடுமா என்று தொடர்ந்து கணிக்கிறது. குறுக்கிடும் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்பே குரல் கொடுக்கும். மணிக்கு 250 கடல்மைல் வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு ஒரு நிமிடம் என்பது கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர். விமானி மூக்கை மேலே தூக்கி மலையைத் தாண்ட அது தாராளம்.